தோற்றுப்போன ஊரில் ஒரு குடிகாரர் எழுந்த கதை

குடியிலிருந்து மீண்டவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சில வருடங்களாகத் தேடித்தேடி வாசித்து வருகிறேன். அநேகமானவை ஒரே வார்ப்பில் இருக்கும். ஒருவர் குடிக்கிறார், குடும்பம் சிதைகிறது, ஒருநாள் கடவுளைக் காண்கிறார், எழுந்துவிடுகிறார். அவர் ஏன் குடித்தார் என்பதற்கு அவருடைய மனப்பலவீனம் மட்டுமே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கும். அவருடைய ஊருக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியோடு வாசிக்கும்போது எனக்கு மிகக் கிட்டத்தில் தெரிபவர், இருநூறு வருடங்களுக்கு முன்னர் இறந்துபோன ஓர் அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர். ஆங்கிலத்தில் அவரை ஹான்ட்சம் லேக் என்பார்கள்.

அழகிய ஏரி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இன்றைய நியூயோர்க் மாநிலத்தில் வாழ்ந்த ஆறு தேசத்து மக்கள் தங்களை ஹோடெனோசோனி, அதாவது நீள்வீட்டு மக்கள் என்று அழைத்தார்கள். ஐரோப்பியர் அவர்களை இரோக்குவோய் என்றனர். அவர்களுடைய பெருஞ்சபையில் ஐம்பது தலைவர்களுக்கு ஐம்பது பெயர்கள் இருந்தன. ஒருவர் இறந்தால் அந்தப் பெயரை இன்னொருவர் ஏற்பார். ஹான்ட்சம் லேக் அவற்றில் ஒன்று. 1735ஆம் ஆண்டு, ஜெனசீ ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஆறு தேசங்களில் மேற்கு வாசலைக் காத்த செனெக்கா மக்களிடையே அவர் பிறந்தார். அவருடைய சகோதரர் கோர்ன்பிளான்டர். ஒரே தாய், தம்பிக்குத் தந்தை டச்சு வணிகர். தம்பிதான் போர்த்தலைவராகப் புகழ் பெற்றவர். அண்ணன் போரில் பங்கெடுத்தவர், ஆனால் பெரிய வீரர் என்று பெயரெடுத்தவர் அல்லர்.

1775இல் அமெரிக்க சுதந்திர யுத்தம் தொடங்கியது. நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்தது குடியேற்றவாசிகளுக்கும் பிரித்தானிய அரசனுக்கும் நடந்த சண்டையை. அந்தச் சண்டைக்கு நடுவில் அகப்பட்ட மக்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை. ஆறு தேசங்களும் யார் பக்கம் நிற்பது என்பதில் உடைந்தன. செனெக்கா மக்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவின் பக்கம். ஒனைடா மக்களில் அநேகர் அமெரிக்கர்களின் பக்கம். 1777 ஓகஸ்டில் ஒரிஸ்கனி என்ற இடத்தில் இவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே சபையில் அமர்ந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

1779இல் ஜோர்ஜ் வொஷிங்டன், ஜெனரல் சல்லிவன் தலைமையில் ஒரு படையை இவர்களுடைய நிலத்துக்கு அனுப்பினார். வீரர்களோடு பொருதுவதைவிட ஊர்களை அழிப்பதே அந்தப் படையெடுப்பின் வேலையாக இருந்தது. சல்லிவன் தன்னுடைய அறிக்கையில் கணக்குக் கொடுத்திருக்கிறார்: எரித்த கிராமங்கள் 40, அழித்த சோளம் ஒரு இலட்சத்து 60 ஆயிரம் புஷல். பழமரங்களையும் விடவில்லை, காய்த்து நின்ற மரங்களைத் தறித்தார்கள். வீட்டைத் திரும்பக் கட்டலாம். பழமரம் மீண்டும் காய்க்க எத்தனை வருடம் என்பது முற்றத்து மாமரத்தையும் பலாவையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்குத் தெரியும். வொஷிங்டனைச் செனெக்கா மக்கள் ஊரழிப்பவர் என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். அதற்குப் பின்னர் வந்த அமெரிக்க ஜனாதிபதிகளுக்கும் அவர்களுடைய மொழியில் அதே பெயர்தான்.

ஏறக்குறைய 5,000 பேர் பிரித்தானியரின் நயாகரா கோட்டையை நோக்கி நடந்தார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் நயாகரா அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள் அல்லவா, அந்த ஆற்றோடு கீழே போனால், ஒன்ராறியோ ஏரியில் அது கலக்கும் இடத்தில் இந்தக் கோட்டை இருக்கிறது. அந்த வருடக் குளிர்காலம் மிகக் கொடியது. கோட்டையில் இவ்வளவு பேருக்கு உணவும் இல்லை, கூரையும் இல்லை. கோட்டையைச் சுற்றியிருந்த குடிசைகளிலும் பனிக்குள்ளும் பட்டினியாலும் குளிராலும் நோயாலும் ஏராளமானோர் இறந்தார்கள்.

1783இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் பாரிஸில் சமாதானம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தத்தில் ஆறு தேசங்களின் பெயர் வரவே இல்லை. யாருக்காகச் சண்டையிட்டார்களோ அவர்கள், சொல்லாமல்கொள்ளாமல் நிலத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வரிசையாக ஒப்பந்தங்கள். 1784இல் ஒன்று. 1794இல் கனண்டைகுவா என்ற இடத்தில் இன்னொன்று. மிஞ்சிய நிலம் உங்களுடையது, யாரும் தொடமாட்டோம் என்ற உறுதியோடு. அதில் ஒப்பமிட்டவர்களில் ஹான்ட்சம் லேக்கும் ஒருவர். மூன்றே வருடத்தில், 1797இல், பிக் ட்ரீ ஒப்பந்தம் வந்தது. ஒரு இலட்சம் டொலருக்குச் செனெக்கா மக்களின் மேற்கு நியூயோர்க் நிலம் அநேகமாக முழுவதும் போய்விட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிறுசிறு ஒதுக்குநிலங்கள் மட்டும் மிஞ்சின. பேச்சுவார்த்தை மேசைகளுக்கு மதுப் பீப்பாய்களும் வந்தன. சில தலைவர்களுக்குத் தனியாகப் பணமும் கிடைத்தது.

வேட்டைக்குக் காடு இல்லை. சண்டைக்குப் போர் இல்லை. இராஜதந்திரம் பேசச் சபைக்கு வலு இல்லை. ஒரு செனெக்கா ஆணை ஆண் என்று ஊர் மதித்த மூன்று வேலைகளும் ஒரே தலைமுறையில் இல்லாமல் போயின. வயல் அவர்களிடையே பெண்களின் வேலை. ஆகவே பெண்களுக்கு வேலை இருந்தது. ஆண்களுக்கு விஸ்கி இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு எங்களுடைய கிராமங்களில் கசிப்பும் சாராயமும் பற்றிப் பேசும் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். குடிக்கிறவன் சோம்பேறி, உணர்ச்சி இல்லாதவன், இழந்ததை மறந்தவன் என்ற தொனியில்தான் பேச்சாளர்கள் பேசுவார்கள். மறக்க முடியாததால் குடிக்கிறானா என்ற கேள்வி மேடையில் வராது. செனெக்கா வரலாற்றை வாசிக்கும்போது அந்தக் கேள்விதான் எனக்கு மீண்டும் மீண்டும் வந்தது.

1790களின் கடைசியில் ஹான்ட்சம் லேக், பென்சில்வேனியாவில் அலெகேனி ஆற்றங்கரையில் இருந்த தம்பியின் கிராமத்தில், தம்பியின் வீட்டில் படுத்துக் கிடந்தார். அறுபது வயதைக் கடந்துவிட்டார். குடியும் நோயும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு வருடங்களாகப் படுக்கை, மகள்தான் பார்த்துக்கொண்டாள். ஐம்பது பெயர்களில் ஒன்றைச் சுமந்தவர், எழுந்து நடக்க இயலாதவராகக் கிடந்தார். அவரை வாட்டிய குற்றவுணர்வு ஒன்றை அவரைப் பற்றிய மரபுரை சொல்கிறது. இறந்தோருக்கான சடங்குப் பாடல்களையும் அறுவடைப் பாடல்களையும் அவர் குடிவெறியில் பாடியிருக்கிறார். புனிதமானவற்றை அப்படிப் பாடித்திரிந்ததுதான் தன்னை இப்படிப் போட்டது என்று அவர் நினைத்தார். விடிந்ததும் சூரிய ஒளி கண்ணில் பட்டால் நன்றி சொன்னார். இரவில் கூரையின் புகைத்துவாரம் வழியாக நட்சத்திரம் தெரிந்தால் அதற்கும் நன்றி சொன்னார். தரிசனம் பற்றிய பகுதியைவிட இந்தப் பகுதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒன்றும் மாறாத காலத்தில், இன்னும் குணமாகாத ஒரு மனிதர் செய்த சிறிய பழக்கம் அது.

1799 வசந்தத்தில் ஊர் ஆண்கள் தோல்களையும் உரோமங்களையும் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு பிட்ஸ்பர்க் போனார்கள். திரும்பும்போது வள்ளங்களில் விஸ்கிப் பீப்பாய்கள். கூச்சல் போட்டுக்கொண்டே ஊருக்குள் வந்தார்கள். பிறகு வாரக்கணக்கில் குடி. அடிதடி. உயிரிழந்தவர்களும் உண்டு. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே பற்றைக்காடுகளுக்குள் போய்த் தங்கினார்கள். அவர்கள் மூட்டிய அடுப்புகளின் புகை அங்குமிங்குமாகக் காட்டுக்குள்ளிருந்து எழுந்தது. இருபது வருடங்களுக்கு முன்னர் சல்லிவனின் படைக்குப் பயந்து ஓடிய பெண்களில் சிலர் அங்கேயும் இருந்திருப்பார்கள். இந்த முறை ஓடியது சொந்தப் புருஷன்மாருக்குப் பயந்து.

அந்த ஊரில் அப்போது பிலடெல்பியாவிலிருந்து வந்த ஹென்றி சிம்மன்ஸ் என்ற குவேக்கர் இளைஞர் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். குவேக்கர்கள் ஆயுதம் தொடாத கிறிஸ்தவப் பிரிவினர். நிலம் கேட்காமல், மதம் மாறச் சொல்லி வற்புறுத்தாமல், கலப்பையும் எழுத்தும் கற்றுக்கொடுக்க வந்தவர்கள். குடிக்கூத்தைக் கண்டு சிம்மன்ஸ் ஊர்ச்சபையில் பேசினார். ஊரும் கூடிக் கதைத்து, இனி விஸ்கி உள்ளே வரக்கூடாது என்று தீர்மானித்தது. இது தரிசனத்துக்கு முன்னர் நடந்தது. ஊடகக் கற்கை படித்தவர் என்ற முறையில் அற்புதக் கதைகளை நான் முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஹான்ட்சம் லேக்கின் தரிசனத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: அதை அதே காலத்தில், அதே ஊரில் இருந்த வேற்று மதத்தவர் எழுதிவைத்திருக்கிறார். நிலம் ஏற்கெனவே கொத்தப்பட்டிருந்தது என்பதும் அவருடைய குறிப்பால்தான் தெரிகிறது.

ஜூன் 15ஆம் திகதி ஹான்ட்சம் லேக் எழுந்து வாசலுக்கு வந்து விழுந்தார். மூச்சு இல்லை. இறந்துவிட்டார் என்று உறவினர் சடங்குக்கு ஆயத்தமானார்கள். மருமகன் முறையான ஒருவர் உடலைத் தடவிப் பார்த்தபோது நெஞ்சில் ஓரிடத்தில் சூடு இருந்தது. காத்திருந்தார்கள். சில மணி நேரத்தில் கண் திறந்தார். நன்றாக உடுத்திய மூன்று மனிதர்கள் தன்னிடம் வந்ததாகவும், பழங்கள் உள்ள கிளைகளைக் கையில் வைத்திருந்ததாகவும், தன்னை உண்ணச் சொன்னதாகவும், படைத்தவரின் செய்தியைத் தந்ததாகவும் சொன்னார். கோர்ன்பிளான்டர் ஊரைக் கூட்டினார். சிம்மன்ஸையும் அழைத்து, இதை நம்பலாமா என்று கேட்டார்கள். வெள்ளையர்களுக்கும் இப்படி நடந்ததுண்டு, இது உண்மையாக இருக்கலாம் என்று அந்த இளைஞர் பதில் சொன்னார். இரண்டு மதங்கள் ஒரே முற்றத்தில் மரியாதையோடு சந்தித்த அரிய பொழுதுகளில் அது ஒன்று.

செய்தியின் முதல் சொல் விஸ்கி. அதன் பிறகு சூனியம், வசிய மருந்து, கருவைக் கலைக்கும் மருந்து. இவற்றைச் செய்தவர்கள் ஒப்புக்கொண்டு விட்டுவிட வேண்டும். இரகசியமாகச் செய்தவர்கள் தனியாக ஒப்புக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். இன்று உலகெங்கும் குடியிலிருந்து மீள்வோர் வட்டமாக அமர்ந்து தங்கள் கதையைச் சொல்லும் முறையை 1935இல் தொடங்கிய ஆல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் அமைப்போடு தொடர்புபடுத்துவோம். அதற்கு 136 வருடங்களுக்கு முன்னரே, எல்லாம் இழந்த ஒரு சிற்றூரில் இது தொடங்கியிருந்தது.

அதே வருடம் ஓகஸ்டில் இரண்டாவது தரிசனம். வானப் பாதையில் நடந்து நரகத்தையும் சொர்க்கத்தையும் கண்டார். நரகத்தில் குடிகாரர் ஒருவருக்கு உருகிய உலோகம் குடிக்கக் கொடுக்கப்படுகிறது. பின்னாளில் ஓதப்பட்ட வடிவத்தில் ஒரு வியப்பான காட்சி வருகிறது: சொர்க்கத்தின் வாசலுக்குப் பக்கத்தில், ஒரு வீட்டில், தன்னுடைய நாயோடு ஜோர்ஜ் வொஷிங்டன் இருக்கிறார். உள்ளே போக முடியாது. ஆனால் வெள்ளையர்களில் அவ்வளவு தூரம் வந்தவர் அவர் ஒருவர்தான். யுத்தம் முடிந்ததும் இவர்களை முற்றாகத் துடைத்தெறியாமல் இருக்க விட்டதற்காக அந்த இடம். ஊரை எரித்தவருக்கு இப்படியொரு இடம் கொடுத்தது பெருந்தன்மையா, தோற்றவரின் கணக்கா என்று என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. உள்ளே விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தரிசனத்தோடு நின்றிருந்தால் விஸ்கி அடுத்த வசந்தத்தில் வள்ளத்தோடு திரும்பி வந்திருக்கும். ஹான்ட்சம் லேக் செய்தது நாள்களை நிரப்புவது. குலைந்து கிடந்த சடங்குகளுக்குத் திரும்ப ஒழுங்கு கொடுத்தார்: நடுக்குளிர்காலச் சடங்கு, ஸ்ட்ரோபெரி பழுக்கும் காலத்து விழா, நன்றி சொல்லும் ஆட்டங்கள். வெள்ளையரிடமிருந்து எடுக்கக்கூடியவை மூன்று என்றார்: நிலத்தைப் பயிரிடுவது, குளிர் தாங்கும் வீடு கட்டுவது, கால்நடை வளர்ப்பது. கூடவே, அவை அதிகம் உள்ளவர் இல்லாதவர் முன் செருக்கக்கூடாது என்றும் சொன்னார். ஆண்கள் வயலில் இறங்குவது இழுக்கு என்று இருந்த ஊரில், ஒரு நிலத்தின் சில பாகங்களைக் கலப்பையாலும் இடையிலுள்ள பாகங்களைப் பெண்கள் மண்வெட்டியாலும் பண்படுத்தி, எதில் சோளம் கூட விளைகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கலப்பை வென்றது. நான் இந்தக் காட்சியை மிகவும் விரும்புகிறேன். ஒரு பக்கம் வானத்திலிருந்து வந்த செய்தி. மறுபக்கம் வயலில் அளந்து பார்த்து எடுத்த முடிவு.

வீட்டுக்குள்ளும் அவருடைய போதனை நுழைந்தது. மனைவியைக் கைவிடாதே, அடிக்காதே, பிள்ளையைக் கடுமையாகத் தண்டிக்காதே. அம்மா, இந்தத் தவறை விட்டுவிடுங்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளை நேரான சொல்லைச் சொல்கிறது, அதைக் கேள் என்றும் ஓரிடத்தில் வருகிறது. சில வருடங்களில் அலெகேனிச் செனெக்கா மக்களிடையே குடி பெருமளவு இல்லாமல் போனதைக் குவேக்கர்களின் குறிப்புகள் பதிவுசெய்கின்றன. வேலியிட்ட வயல்கள், புதிய வீடுகள், மாடுகள்.

இங்கேயே கதையை நிறுத்திவிடச் சிலர் விரும்புவார்கள். நிறுத்த முடியாது. அந்த ஊரில், முதல் தரிசனத்துக்குச் சற்று முன்னர்தான், சூனியக்காரி என்ற பழியில் ஒரு வயோதிபப் பெண் கொல்லப்பட்டிருந்தார். ஹான்ட்சம் லேக்கின் செய்தி அந்தப் பயத்தை அடக்கவில்லை. அதற்கு அதிகாரம் கொடுத்தது. தன்னை அரசியலில் எதிர்த்த பேச்சாளர் ரெட் ஜாக்கெட் மீதும் சூனியக் குற்றம் சாட்டினார். ரெட் ஜாக்கெட் நாவன்மை உள்ளவர், தப்பினார். நாவன்மை இல்லாத பெண்கள் சிலர் தப்பவில்லை. அவருடைய செய்தி பரவிய இடங்களில் சூனியப் பழி சுமத்தி மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். தாய்வழிச் சமூகத்தில் பெண்களுக்கு, குறிப்பாக மூத்த தாய்மாருக்கு இருந்த செல்வாக்கும் அவருடைய போதனையால் குறைந்தது. தோற்றுப்போன சமூகம் ஒன்று தன்னைச் சுத்தப்படுத்தப் புறப்படும்போது, தோல்விக்குக் காரணமானவரைத் தனக்குள்ளேயே தேடும். அப்படித் தேடும் கை முதலில் எட்டுவது துணையில்லாதவர்களை. இதற்கு உதாரணம் தேட நாங்கள் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

1802இல் அவர் வொஷிங்டன் நகருக்குப் போய் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனைச் சந்தித்தார். மதுவைத் தடுக்க உதவி கேட்டார்; நிலம் பறிபோவதையும் முறையிட்டார். நவம்பரில் ஜெபர்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மதுவை விட்டதற்கு மனமார்ந்த பாராட்டு. நிலத்தைப் பற்றியோ, விருப்பத்தோடு விற்பது கெடுதல் அல்ல, பயிர்செய்து வாழ்பவர்களுக்கு அவ்வளவு நிலம் தேவைப்படாது என்ற விளக்கம். உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள், மகிழ்ச்சி. காணியைப் பற்றிக் கேட்காதீர்கள். எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ மக்களுக்கு எழுதிய கடிதம்.

அதன் பிறகான வருடங்கள் சறுக்கல். தம்பியோடு முரண்பட்டு ஊரைவிட்டு கோல்ட்ஸ்பிரிங் போனார். சூனிய வேட்டையால் செல்வாக்குக் குறைந்து அங்கிருந்தும் விலகி டொனவாண்டாவில் குடியேறினார். 1812இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் மீண்டும் மோதியபோது, இந்தச் சண்டைக்குப் போகாதீர்கள் என்று தன் மக்களைத் தடுத்தார். எல்லோரும் கேட்கவில்லை. ஆயினும் முப்பதுக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன்னர் என்ன நடந்தது என்பதைப் பார்த்த கண்கள் அவருடையவை. 1815இல் ஒனொண்டாகா மக்கள் அழைத்தார்கள். அந்தப் பயணத்தில் இறந்துவிடுவேன் என்று தெரிந்தே போனதாக மரபு சொல்கிறது. நோயுற்றுப் போய்ச் சேர்ந்தவரை மகிழ்விக்க ஊரவர்கள் லக்ரோஸ் விளையாடிக் காட்டினார்களாம். ஓகஸ்ட் 10ஆம் திகதி, எண்பது வயதில், அங்கேயே இறந்தார். அங்கேயே புதைத்தார்கள்.

அவருடைய போதனையை ஒரு பேரன் உள்ளிட்ட பலர் நினைவில் வைத்து ஓதினார்கள். 1913இல் செனெக்கா வம்சாவளி ஆய்வாளர் ஆர்தர் பார்க்கர் அதை ஆங்கிலத்தில் நூலாக்கினார். நல்ல செய்தி என்ற பொருளில் கைவியோ என்று அதை அழைக்கிறார்கள். நிலத்தின் கதை அவ்வளவு நன்றாகப் போகவில்லை. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட கின்சுவா அணை, கோர்ன்பிளான்டரின் நிலத்தையும் செனெக்கா ஒதுக்குநிலத்தில் ஏறக்குறைய 10,000 ஏக்கரையும் நீருக்குள் அமிழ்த்தியது. சுமார் 600 பேர் இடம்பெயர்ந்தார்கள். கோர்ன்பிளான்டரின் கல்லறையைத் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள். ஹான்ட்சம் லேக் ஒப்பமிட்ட 1794ஆம் ஆண்டு ஒப்பந்தம் அப்போதும் சட்டப்படி நடைமுறையில் இருந்தது. அதன்படி வருடந்தோறும் தர வேண்டிய துணியை அமெரிக்க அரசு தவறாமல் அனுப்பிக்கொண்டும் இருந்தது.

கைவியோ இன்றும் நியூயோர்க்கிலும் ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையிலும் உள்ள நீள்வீடுகளில் ஓதப்படுகிறது. பல நாள்கள், காலையில் தொடங்கி நண்பகலுக்குள் நிறுத்துவார்கள். முதியவர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். ஓதுபவர் படைப்பின் மகிமையிலிருந்து தொடங்குவதில்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து பீப்பாய்களோடு திரும்பும் வள்ளங்களிலிருந்தும், ஊருக்குள் எழும் கூச்சலிலிருந்தும், பிள்ளைகளோடு பற்றைக்குள் ஒளிந்த தாய்மாரின் அடுப்புப் புகையிலிருந்தும் தொடங்குகிறார்.